ரத்தம் பார்த்த பிறகே இரும்பு: மருத்துவர் ஜெயக்கொடி அவர்களுக்கு

நொய்யல் நனைத்த நிலத்திலும் அமராவதி அணைத்த வயலிலும், வாய்விட்டுச் சொல்ல வகையில்லா உயிர்களின் வலியை வாசித்தறிந்த வல்லவரே! வெளுத்த இமைக்குள் ஒளிந்த வினையை விரல்நுனியால் விலக்கிக் கண்டும், கண்டதை உடனே நம்பாமல், கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தம் தடவித் தெளிந்த பின்னரே தீர்ப்புச் சொன்ன திண்ணியரே! போத்தனூர் தந்த பொறுமையே, பொய்க்கு முன்னால் மட்டும் பொறுமை இழக்கும் பெருமையே! எங்கள் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தின் தலைமை மருத்துவராக இருந்து இன்று மாலையோடு பணிநிறைவு பெறும், எங்கள் அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய அம்மையீர்! கூடத்தின் பணியாளர்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

நாங்கள் இம்மடலை எழுத உட்கார்ந்தபோது தாங்கள் ஒரு நிபந்தனை விதித்தீர்கள். "தாயுள்ளம், தன்னலமில்லாத தொண்டுன்னு எழுதுனீங்கன்னா நான் பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவனுங்க. நடந்ததை எழுதுங்க. செங்காட்டுப்புதூரையும் சேத்து எழுதுங்க" என்றீர்கள். சொன்னதைச் செய்பவர் தாங்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே வாழ்த்துரைக்கு வழக்கமாக வரும் வண்ணச் சொற்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நடந்ததைச் சொல்லத் துணிகிறோம். தங்களைத் தங்கள் முகத்துக்கு நேராகவே வருணிக்க நா கூசுகிறது. அதனால் இனிச் சபையைப் பார்த்துச் சொல்கிறோம். யாரோ ஒரு ஜெயக்கொடியின் கதை என்று எண்ணித் தாங்களும் கேட்டருளுங்கள்.

சபையோரே, தாராபுரத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிகளுக்கு நடுவே கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கும் மேட்டுநிலத்தில் செங்காட்டுப்புதூர் இருக்கிறது. ஜெயக்கொடி இந்தக் கூடத்துக்கு வருமுன் அங்கே கால்நடை மருத்துவராக இருந்தார். அவருக்கு உதவியாளர் பாக்கியராஜ், இன்று நம்மோடு இதே கூடத்தில் பணியாற்றுபவர். நாங்கள் சொல்லப்போவதில் பெரும்பகுதி பாக்கியராஜ் கண்ணால் கண்டது. மிச்சம் அம்மையாரே எப்போதோ, ஏதோ ஒரு வேலைக்கு நடுவில், தலையை நிமிர்த்தாமல் சொன்னது.

அவ்வூரில் முத்தாத்தாள் என்றொரு பெண்மணி. கணவன் பல்லடத்துத் தறிப்பட்டறைக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, ஒரு பட்டி மேச்சேரி ஆடுகளை மேய்த்துத் தனியாளாகப் பிழைத்தவர். யாரிடமும் இரக்கம் கேட்டுப் பழகாதவர். ஓர் ஐப்பசியில் மழை வழக்கத்துக்கு மேல் கொட்டி, காடெல்லாம் பச்சை பிடித்தது. ஊரே மகிழ்ந்திருந்த அந்த நாட்களில் முத்தாத்தாளின் பட்டியில் ஆடுகள் சாகத் தொடங்கின. மேய்ந்துகொண்டிருக்கும்போதே கால் மடங்கி விழும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பைபோலத் தொங்கும். இமையை விலக்கினால் உள்ளே வெள்ளைத் துணிபோல இருக்கும்.

ஜெயக்கொடி வந்தார். செத்துக் கிடந்த ஆட்டை வேப்பமரத்தடியில் கிடத்தி அறுத்தார். இரைப்பையின் கடைசி அறையைத் திறந்து முத்தாத்தாளைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய தையல் நூலை அறுத்துப் போட்டாற்போல, நூற்றுக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன புழுக்கள். சிவப்பெல்லாம் ஆட்டின் ரத்தம். ஒவ்வொன்றும் சொட்டுச் சொட்டாகக் குடித்து ஆட்டின் உடம்பைக் காலி செய்கிறது, ரத்தத்தோடு அதிலுள்ள இரும்பும் ஆட்டைவிட்டுப் போய்விடுகிறது, இரும்பில்லாமல் புது ரத்தம் ஊறாது என்று அவர் விளக்கினார். முதலில் புழுவைக் கொல்லும் மருந்து. அது வேலை செய்த பிறகு, மிஞ்சியவற்றுக்கு இரும்புச்சத்து ஊசி. கஷாயம்போலக் கருத்த அந்த மருந்தைப் பார்த்து முத்தாத்தாள் கொஞ்சம் தயங்கினார். ஆனால் மார்கழிக்குள் ஆடுகள் தலைநிமிர்ந்து மேய்ந்தன, இமைகளில் சிவப்பு திரும்பியது.

அன்றிலிருந்து முத்தாத்தாளுக்கு ஜெயக்கொடி சொல்வதே வேதவாக்கு. சந்தைக்குப் போனாலும் அடுத்தவர் ஆட்டின் இமையை விலக்கிப் பார்ப்பார். கண் வெளுத்திருந்தால் கருப்பு ஊசி போடோணும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். ஊரும் பிடித்துக்கொண்டது. முதலில் புழு மருந்து என்ற பாதி மெல்ல மறந்துபோக, கருப்பு ஊசி என்ற பாதி மட்டும் நிலைத்துவிட்டது. இப்படித்தான் பல நல்ல மருந்துகள் ஊருக்குள் வந்து மந்திரமாகி விடுகின்றன.

பின்னர் மழை பொய்த்தது. மேய்ச்சல் கருகியது. முத்தாத்தாள் ஆடுகளை விற்று, வெளியூர்ச் சந்தையிலிருந்து இரண்டு கலப்பினக் கறவை மாடுகளை ஓட்டிவந்தார். ஊரில் பலரும் அப்படியே செய்தார்கள். சுப்பையன் என்பவர் முன்னின்று பால் சொசைட்டி தொடங்கியிருந்தார். உரத்த குரல், அதைவிட உரத்த மனசு; தன் வீட்டுக் காரியத்தைக் காட்டிலும் சொசைட்டிக் காரியத்தைப் பெரிதாக நினைப்பவர். நன்றாகவே நடந்தது. ஆனால் சந்தையிலிருந்து மாடுகளோடு உண்ணிகளும் வந்திருந்தன. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடு என்றால் உண்ணி இருக்கத்தானே செய்யும்.

அந்தச் சித்திரை வெயிலில் மாடுகள் தீவனத்தைத் தொடாமல் நின்றன. உடம்பு கொதித்தது. பால் வற்றியது. முத்தாத்தாள் தன் மாட்டின் இமையை விலக்கினார், வெள்ளை. ஐயப்பட அவருக்கு ஒன்றுமில்லை. நேராகச் சுப்பையனிடம் போய்ச் சொன்னார். சுப்பையனும் தாமதிக்கவில்லை, ஒரு பெட்டி நிறைய இரும்பு ஊசி மருந்தை வரவழைத்து, சொசைட்டி வாசலில் முகாம் என்று ஊருக்குச் சொல்லியனுப்பினார். ஊசி போட மருத்துவர் வேண்டும் என்பதற்காக மட்டும் ஜெயக்கொடிக்கு ஆள் போயிற்று.

ஜெயக்கொடி வந்து இறங்கியபோது வாசல் முழுக்க மாடுகள் கட்டி நின்றன. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. முதல் மாட்டின் தோளுக்கு முன்னால் கை வைத்தார். எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி உருண்டது. அடுத்த மாட்டிலும் அதே கட்டி. காதுமடலுக்குள்ளும் வாலடியிலும் உண்ணிகள் கொத்துக்கொத்தாக இருந்தன. பாக்கியராஜைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பெட்டியின் மூடியைச் சாத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

ரத்தம் பார்க்காமல் ஒரு மாட்டுக்கும் இரும்பு போடுவதற்கில்லை என்றார்.

 வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தனை பேச்சுக்கும் நடுவே முத்தாத்தாள் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க டாக்டரம்மா, கண்ணு வெளுத்தா ரத்தத்துல இரும்பு இல்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இப்ப நீங்களே வேண்டாங்கறீங்க."

"ஆட்டுக்குச் சொன்னனுங்க" என்றார் ஜெயக்கொடி. "அது புழு. குடிச்ச ரத்தம் வெளிய போயிருச்சு, இரும்பும் கூடவே போயிருச்சு. இது உண்ணி கொண்டாந்த கிருமியாட்டத் தெரியுது. இதுல ரத்தம் உள்ளுக்குள்ளயே ஒடையுதுங்க. இரும்பு எங்கயும் போகலை. கிருமிக்குக் கெடைக்கக் கூடாதுன்னு ஒடம்பு அதை ஈரல்ல கொண்டுபோய்ப் பூட்டி வெச்சிருக்குது. பூட்டுனதுக்கு மேல நாம ஊத்துனா, அது மாட்டுக்குச் சேருமோ கிருமிக்குச் சேருமோ தெரியாதுங்க. எனக்கு ஒரே ஒரு நாள் குடுங்க."

சுப்பையனுக்கு முகம் கறுத்தது. ஊரைக் கூட்டிய மனிதர் ஊருக்கு முன்னால் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக வேண்டும். "ஒரு நாள்ல எத்தனை மாடு போகும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? மாடு செத்தா எங்க ஊட்டு அடுப்புத்தானுங்க அணையும். உங்க ஊட்டுது எரிஞ்சுக்கிட்டேதான இருக்கும்" என்றார்.

ஜெயக்கொடி முதல் மாட்டிடமே திரும்பப் போனார். மாடு மாடாகக் காது நரம்பைக் குத்தி, கண்ணாடித் தகடுகளில் ரத்தம் தடவினார். அவருடைய கால்நடை மருந்தகத்தில் அப்போது நுண்ணோக்கி பழுதாகிக் கிடந்தது. தகடுகளைப் பொதிந்து பாக்கியராஜிடம் கொடுத்து, கோயமுத்தூருக்கு, இதே நம் கூடத்துக்கு அனுப்பினார். அன்று தகடுகளுக்குச் சாயமேற்றியவர் மெஹராஜ். முதல் தகட்டிலேயே தெரிந்துவிட்டது என்று அவர் சொல்வார். சிவப்பணுக்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ காற்புள்ளி வைத்தாற்போல ஒட்டுண்ணிகள் இருந்தன. உண்ணிக் காய்ச்சல். ஜெயக்கொடியின் ஐயம் சரி.

ஆனால் அந்த ஒரு நாள் செங்காட்டுப்புதூரில் ஒரு நாளாக இருக்கவில்லை. அவர் முகாமைவிட்டுப் போனதும் பெட்டி திறக்கப்பட்டது. ஊசி போடத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். முத்தாத்தாள் தன் கையாலேயே தன் இரண்டு மாடுகளுக்கும் போட்டார், மறுநாள் காலை மறுபடியும் போட்டார். கருப்பு ஊசி காப்பாற்றும் என்பதை அவர் ஒரு பட்டி ஆடுகளில் கண்ணால் கண்டவர். கண்டதை எப்படி நம்பாமலிருப்பார்? அன்று மதியம் ஒரு மாடு நின்றபடியே சரிந்து செத்தது. மற்றது, செவலை, படுத்துவிட்டது.

அந்தக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து உண்டு. விலை அதிகம், எல்லாக் கடைகளிலும் இருக்காது. பாக்கியராஜ் தாராபுரத்தில் கேட்டார், பல்லடத்தில் கேட்டார். கோயமுத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கிக் கிடைத்தவை நான்கு புட்டிகள். ஒரு மாட்டுக்கு ஏறக்குறைய ஒரு புட்டி வேண்டும். அடுத்த சரக்கு வர ஒரு வாரம் ஆகும். ஊரில் காய்ச்சல் கண்ட மாடுகள் இருபதுக்கு மேல்.

நான்கு புட்டிகளோடு ஜெயக்கொடி விடிந்ததும் தெருவில் இறங்கினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கணவர் வின்ஸ்டன் ஆராதனைக்குத் தனியாகப் போயிருந்தார். ஜெயக்கொடி ஒவ்வொரு தொழுவமாக நுழைந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. காய்ச்சல் பார்த்தார், கட்டியைத் தொட்டார், இமையை விலக்கினார், மூச்சைக் கேட்டார், அடுத்த வீட்டுக்குப் போனார். பின்னால் ஊர் நடந்து வந்தது. எதற்காக இந்தப் பெண் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் நடக்கிறாள் என்று ஊருக்குப் புரிய நேரம் ஆயிற்று.  நோய் இப்போதுதான் பற்றிய மாடுகளாகப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அப்படி மூன்று மாடுகளுக்கு மூன்று புட்டிகள் முடிந்தன.

முத்தாத்தாளின் தொழுவத்தில் செவலை கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. இமைக்குள் வெள்ளையும் மஞ்சளும் கலந்து கிடந்தன. மூச்சு விலாவை இழுத்து இழுத்து வந்தது. முத்தாத்தாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி மண்டியிட்டு நெடுநேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் வேறெந்த மாட்டையும் பார்க்கவில்லை என்கிறார் பாக்கியராஜ்.

"போடுங்க" என்றார் முத்தாத்தாள். "நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க. நீங்க வேண்டாம்னதைப் போட்டுப்போட்டன். அதுக்கு மாடு என்னங்க பண்ணும். போடுங்க."

"அதுக்காக இல்லீங்க முத்தாத்தா." ஜெயக்கொடியின் குரல் தாழ்ந்திருந்தது. "இது தாண்டிப்போச்சுங்க. போட்டாலும் பொழைக்காது. இந்தப் புட்டியில இன்னொரு மாடு பொழைச்சுக்குமுங்க."

"போட்டுப் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க."

ஜெயக்கொடி எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டக்கூட இல்லை. கடைசிப் புட்டி கையில் இருக்க, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனார். அது சுப்பையனின் வீடு.

அங்கே ஒரு சினைக் கிடாரிக்கு முந்தின நாள்தான் காய்ச்சல் தொடங்கியிருந்தது. ஊசியில் மருந்து ஏற்றுவதைப் பார்த்துச் சுப்பையன் குறுக்கே வந்து நின்றார். முகாம் வாசலில் பேசிய மனிதரா இவர் என்று தோன்றுமளவுக்குக் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு வேண்டாமுங்க. அந்தம்மா மாட்டுக்கே போட்டிருங்க. எதுத்தாப்பல உக்காந்து பாத்துக்கிட்டிருக்குதுங்க. நான் எந்த மூஞ்சியோட இந்தத் தெருவுல நடக்கறது?"

"இது உங்களுக்குப் போடறதில்லீங்க. மாட்டுக்குப் போடறது. தள்ளி நில்லுங்க" என்றார் ஜெயக்கொடி.

போட்டார்.

மாலைப் பால் கறக்கும் நேரத்துக்கு முன்பே செவலை அடங்கியது. முத்தாத்தாள் அழுததாக யாரும் சொல்லவில்லை. கழுத்துத் தும்புக் கயிற்றை அவிழ்த்துச் சுவரில் மாட்டினார். பிறகு வாசலுக்கு வந்து, போகத் தயங்கி நின்றிருந்த ஜெயக்கொடியை நேராகப் பார்த்து, "அறுங்க. எதுக்குச் செத்துதுன்னு நானும் பாக்கோணும்" என்றார்.

ஊருக்கு வெளியே, குழி வெட்டிய இடத்திலேயே ஜெயக்கொடி செவலையை அறுத்தார். ஊர் சுற்றி நின்றது. மண்ணீரல் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. இரைப்பையின் கடைசி அறையைத் திறந்ததும் முத்தாத்தாள் குனிந்தார். அதே அறை, அன்று ஆட்டில் காட்டிய அறை. கையை உள்ளே விட்டு மடிப்பு மடிப்பாக விலக்கித் தேடினார். ஒரு புழுகூட இல்லை. அங்கங்கே துளையிட்டாற்போலப் புண்கள் மட்டும் இருந்தன. கையை மண்ணில் துடைத்துக்கொண்டு அவர் வீட்டைப் பார்க்க நடந்தார். அதற்குப் பிறகு அவர் ஜெயக்கொடியிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

செவலையின் ஈரலில் ஒரு துண்டை மருந்தில் இட்டு எடுத்துக்கொண்டு ஜெயக்கொடியே பேருந்தேறி இங்கே வந்தார். நம் கூடத்தார் அவரை முதலில் கண்டது அப்போதுதான். கசங்கிய சேலையோடு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், அந்தத் துண்டில் இரும்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி மெஹராஜிடம் கேட்டார். திசுவைப் பதப்படுத்தி, சீவி, சாயமேற்றச் சில நாட்கள் ஆகும் என்றதும், போய்விட்டு மறுபடி வந்தார். இரும்பு இருந்தால் அந்தச் சாயத்தில் நீலமாகத் தெரியும். நுண்ணோக்கியில் கண் வைத்தபோது ஈரல் முழுக்க நீலம். வானத்தைக் கிள்ளிப் போட்டாற்போலத் திட்டுத் திட்டாக நீலம். உடம்பு பூட்டி வைத்ததும் அங்கேதான் இருந்தது, முத்தாத்தாள் நம்பி ஏற்றியதும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது.

இரும்புதான் மாட்டைக் கொன்றது என்று எழுதலாமா என மெஹராஜ் கேட்டார். அப்போது ஜெயக்கொடி சொன்னதை இக்கூடத்தில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். "அப்படி எழுதாதீங்க, அது எனக்குத் தெரியாது. இரும்பு காப்பாத்தலை. அதை நம்பி இருந்ததுல நேரம் போச்சு. தெரிஞ்சது அவ்வளவுதானுங்க." பிறகு மறுபடி கண்ணை வைத்துப் பார்த்து, "இத்தனை இரும்பை வெச்சுக்கிட்டுக் கண்ணு வெளுத்துச் செத்திருக்குது" என்றார். ஊரில் இன்னும் மாடுகள் காய்ச்சலில் கிடந்தன. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

கதை இதோடு நன்றாக முடிந்ததென்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். நான்கு புட்டி மருந்தில் மூன்று மாடுகள் பிழைத்தன. சுப்பையனின் கிடாரி கன்று ஈன்றது. ஆனால் நான்காவது மாடு, வடக்குத் தெருவில் ஒரு வீட்டு மாடு, ஊசி போட்டும் செத்தது. எப்படியும் ஒரு புட்டி வீண்தான் என்றால் அதை முத்தாத்தாளுக்கே போட்டிருக்கலாமே என்று ஊர் கேட்டது.  எந்தப் புட்டி வீணாகும் என்பது போட்ட பிறகுதானே தெரியும். அடுத்த சரக்கு வந்து இன்னும் பல மாடுகள் தேறின, சில தேறவில்லை. வைகாசி முடிவதற்குள், இவர் வேண்டாம், வேறு மருத்துவர் வேண்டும் என்று ஊரார் சிலர் மேலிடத்தில் போய்ச் சொன்னார்கள். சுப்பையன் அவர்களோடு போகவில்லை. முத்தாத்தாளும் போகவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

அப்படித்தான் ஜெயக்கொடி நம்மிடம் வந்து சேர்ந்தார். ஓர் ஊரின் இழப்பு என்று சொல்லிப் பெருமைப்பட எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் பேறு என்பதை மட்டும் மறைக்க முடியவில்லை.

வந்த நாள்முதல் இக்கூடத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று நிலவியது. வெளுத்த மாடென்று யார் தொலைபேசியில் அழைத்தாலும், அம்மையாரின் முதல் கேள்வி, ரத்தம் எடுத்தீர்களா என்பதே. எடுக்கவில்லை என்றவர் எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரும்புக்கு இவர் எதிரி என்று ஒரு பேச்சுக்கூடக் கிளம்பியது. கோட்டைமேட்டு ஆட்டு வியாபாரி ரசாக் அதை நம்பி, பக்ரீதுக்கு முன் தன் ஆடுகள் வெளுத்துப்போனதைச் சொல்லவே பயந்து, புழுக்கையை மட்டும் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். புழுக்கையில் புழு முட்டைகள் குவிந்திருந்தன. அம்மையாரே அவரைக் கூப்பிட்டு, புழு மருந்து கொடுத்த கையோடு இரும்பும் கொடுங்கள், இதற்கு அதுதான் மருந்து என்றார். ரசாக் திகைத்து, "உங்ககிட்ட இரும்புங்கற வார்த்தையையே பேசக்கூடாதுன்னாங்களே" என்றாராம். அன்று அம்மையார் சிரித்ததை நாங்கள் பார்த்தோம். அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சி அல்ல அது.

கடிந்த சொல்லுக்கும் கனிந்த கைக்கும் நடுவே எங்களை வளர்த்தார். தப்பாகச் சாயமேற்றிய தகட்டைத் தூக்கி எறிய விடமாட்டார். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கும்வரை அதே தகட்டோடு உட்கார வைப்பார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சித்திரை பிறந்ததும் ஒரு நாள் மட்டும் எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லமாட்டார். பாக்கியராஜுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் வண்டி ஓட்டியது அவர்தான். செங்காட்டுப்புதூருக்குப் போவார். தெருத்தெருவாக மாடுகளுக்கு ரத்தம் எடுப்பார், உண்ணி பார்ப்பார், திரும்புவார். முத்தாத்தாளின் வீட்டைத் தாண்டும்போது நடை கொஞ்சம் மெதுவாகும். கதவு திறந்தே இருக்கும். யாரும் வெளியே வரமாட்டார்கள். முத்தாத்தாள் அதன்பின் மாடு வாங்கவே இல்லை. கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறார்.

அம்மையீர், இனி மறுபடி தங்களைப் பார்த்தே பேசுகிறோம். தங்களிடம் சொல்லாமல் ஒன்று செய்துவிட்டோம். மெஹராஜும் பாக்கியராஜும் போன வாரம் செங்காட்டுப்புதூருக்குப் போய், இந்த விழாவுக்கு வரவேண்டுமென்று முத்தாத்தாளை அழைத்தார்கள். அவர் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், வரமாட்டேன் என்றார். அவர் சொன்னதைத் தனியே தங்களிடம் வந்து சொல்லும் துணிவு அவர்கள் இருவருக்குமே வரவில்லை. நடந்ததை எழுதச் சொன்னவர் தாங்கள், ஆகவே எழுதிவிட்டோம்.

"அந்தம்மா செஞ்சது தப்புன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லீங்க. அறுத்தப்ப என்ற கையை உட்டுத் தேடிப் பாத்தனே, புழு ஒண்ணுகூட இல்லை. ஆனா என்ற மாடு மடியில கெடந்து பாத்துக்கிட்டே இருக்குது, மருந்து தெருவைத் தாண்டிப் போகுது. சரின்னு தெரிஞ்சா மட்டும் மனசு ஆறிருமுங்களா? ஆறலீங்க. நான் வரலை. நல்லா இருக்கட்டும்னு நாஞ் சொன்னன்னு சொல்லுங்க."

விடைபெற்று வண்டியில் ஏறியவர்களை அவர் வாசல்வரை வந்து மறுபடி நிறுத்தினார். "வருசா வருசம் வெயில் காலத்துல வந்து ரத்தம் எடுத்துக்கிட்டுப் போகுமே, இனி யாருங்க வருவாங்க?" என்று கேட்டார். கூடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று இருவரும் வந்துவிட்டார்கள்.

வாழ்த்துவதற்கு வயதோ வார்த்தையோ எங்களிடம் போதாது. நல்லா இருக்கட்டும் என்று அவ்வீட்டு வாசலில் சொல்லப்பட்டதே இம்மடலின் தலையாய வாழ்த்து. அதற்குக் கீழே, அதன் நிழலில், எங்கள் வாழ்த்தையும் வைக்கிறோம். வின்ஸ்டன் ஐயாவோடு ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் சேர்ந்து போகும் நிம்மதி தங்களுக்கு வாய்க்கட்டும். போத்தனூர் வீட்டில் ரயில் ஓசை தவிர வேறெந்த ஓசையும் தங்கள் உறக்கத்தைக் கலைக்காதிருக்கட்டும். உடல் நோயின்றி, உள்ளம் பாரமின்றி, நூறாண்டும் அதன்மேல் ஆண்டுகளும் தாங்கள் வாழ்க. ஆறாத ஒன்று இருந்தால், அதையும் தாங்கும் வலிமையோடு வாழ்க.

முத்தாத்தாளின் கேள்விக்கு இன்று இந்தச் சபையில் பதில் சொல்கிறோம். வரும் சித்திரையில் நாங்கள் போகிறோம்.

என்றும் தங்கள் வழியில் நிற்கும்,
மெஹராஜ், பாக்கியராஜ் மற்றும்
கால்நடை நோய் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
கோயமுத்தூர்.